பறையும் பழகுங்க குட்டீஸ்!

டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்த குட்டீஸ் பலர், சினிமாப் பாட்டுக்கு வேகமாகத் தட்ட மட்டும் பழகுகின்றனர். அது போதாது. குச்சியைத் தொடும் முன், 'தகிட', 'தகதிமி', 'தகதகிட' என, 3, 4, 5 ஆக வாயால் சொல்லிப் பாருங்கள். (தாத்தா தூங்கும் போது வேண்டாம்!) இது தான் கொன்னக்கோல். வாயில் நின்ற கணக்கு, எந்த வாத்தியத்துக்கும் உதவும். 1970களில், 'சக்தி' குழுவில், ஜான் மெக்லாலினின் கிடாருக்கு, விக்கு விநாயக்ராமின் கடம் ஈடு கொடுத்ததே!

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 'மிருதங்கம் சரி, பறை நமக்கு எதற்கு?' என, சில பெற்றோர் தடுக்கின்றனர். பறையில், குட்டையான அடிக்குச்சிக்கு ஒரு வேலை. நீளமான சிண்டுக்குச்சிக்கு வேறு வேலை. டிரம்ஸ் பழகும் கைகளுக்கு, இதை விட நல்ல பயிற்சி ஏது? ஊரில் பறை வகுப்பு நடந்தால், அப்பாவையும் இழுத்துப் போங்கள்!