ஜாதகக் கட்டா? கோர்ட்டுப் பதிவா?

நமது மக்கள் ஒரு பெண்ணை ஒருவனுக்குக் கட்டிக்கொடுப்பதென்றால் முதலில் செய்கின்ற காரியம் என்ன? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுவதுதான். பத்துப் பொருத்தம் பார்க்கின்றார்கள். செவ்வாய் தோஷம் பார்க்கின்றார்கள். பல்லி எந்தப் பக்கம் சொல்லிற்று என்றுகூடப் பார்க்கின்றார்கள். ஆனால் அந்த மாப்பிள்ளையின் பேரில் வழக்கு ஏதாவது உண்டா, முன்னொருத்தியைக் கட்டி அடித்துத் துரத்தியவனா, வேலை வாங்கித் தருவதாக ஊரை ஏமாற்றியவனா என்று பார்ப்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. பிறகு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பினால், “அவள் தலையெழுத்து” என்று சொல்லித் தீர்த்துவிடுகின்றார்கள்.

தலையெழுத்தை வாசித்தவன் இதுவரை ஒருவனும் கிடையாது. கோர்ட்டெழுத்தை வாசிப்பதற்கோ எழுத்துக்கூட்டத் தெரிந்த எவருக்கும் உரிமை உண்டு. வாசிக்க முடியாததை நம்பி, வாசிக்கக் கூடியதைத் திரும்பியும் பாராத மக்களை என்ன சொல்லி அழைப்பது?

புதுக்கோட்டை மாவட்டத்திலே ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே இன்று என்ன பார்க்கலாம் என்பதைச் சொல்லுகின்றோம். நாட்டிலுள்ள மாவட்டக் கோர்ட்டுகளின் வழக்கு விவரங்கள் ‘ஈ-கோர்ட்ஸ்’ என்னும் சர்க்கார் இணையதளத்தில் இருக்கின்றன. மாநிலம், மாவட்டம், புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி என்று எந்த ஊர்க் கோர்ட்டு என்பதைத் தெரிந்தெடுத்து, ஆளின் பேரையும் வழக்குப் பதிந்த வருஷத்தையும் கொடுத்தால் வழக்கு நடக்கின்றதா, முடிந்ததா என்று தெரியும். இதற்குக் காசு கிடையாது. போலீசார் பதியும் முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று 2016 ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு உத்திரவிட்டிருக்கின்றது. பாலியல் குற்றம், குழந்தைகளுக்கு இழைத்த குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றிற்கு மட்டும் விலக்கு உண்டு. பாதிக்கப்பட்டவரின் பேரைக் காப்பதற்கு அந்த விலக்கு அவசியமானதேயாகும்.

இந்த எழுத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் நமது மாவட்டத்து விராலிமலைப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும். இலங்கை மாத்தளையிலிருந்து வந்த பிரேமானந்தா என்பவர் அங்கே ஆசிரமம் வைத்து, வெறுங்கையில் விபூதி வரவழைப்பதாகவும், சிவராத்திரியில் வாயிலிருந்து லிங்கம் கக்குவதாகவும் காட்டிக் கூட்டம் சேர்த்தார். படித்தவர்களும் பெரிய மனிதர்களும் வெளிநாட்டாரும் அந்தக் காலில் விழுந்தார்கள். அதே ஆசிரமத்திலிருந்த பெண்பிள்ளைகள் வாய்திறந்தபின் 1994 இல் அவர் கைதானார். 1997 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புதுக்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டில் நீதிபதி பானுமதி அவர்கள், 13 பெண்பிள்ளைகளைக் கெடுத்ததற்கும் ஒரு கொலைக்கும் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். ஒரு கருவின் மரபணுவை ஐதராபாத்தில் விஞ்ஞானிகள் சோதித்துச் சொன்ன சாட்சியமும் அதிலே உண்டு. 2002 இல் ஹைகோர்ட்டும் 2005 இல் சுப்ரீம் கோர்ட்டும் அத்தீர்ப்பை உறுதி செய்தன. 2011 இல் அவர் கைதியாகவே செத்தார்.

லிங்கம் கக்கியதைக் கண்ணால் பார்த்தோம் என்று சாட்சி சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு நடந்ததைப் பார்த்த தெய்வம் ஒன்றுகூட வந்து சாட்சி சொல்லவில்லை. விசாரணையும் சோதனைக்கூடமும் கோர்ட்டும்தான் சொல்லிற்று. மூன்று கோர்ட்டுகள் எழுதிய பிறகும் “சாமி குற்றமற்றவர்” என்று பஜனை செய்கிறவர்கள் இருந்தார்களென்றால், அவர்களுக்குக் கண் இல்லை என்பதல்ல, அறிவைக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டார்கள் என்பதே அதன் அர்த்தம். ஆகவே தன் குழந்தையை ஒரு மடத்திலோ, ஆசிரமத்திலோ, விடுதியிலோ விடுகின்ற தாய் தகப்பன்மார்கள், அங்குள்ள தலைவரின் அற்புதங்களை விசாரிப்பதை விட்டு, அவர் பேரில் உள்ள வழக்குகளை விசாரிக்கும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்.

நிற்க, இதில் ஓர் ஆபத்தும் இருக்கின்றது. நமது மக்கள் ஜாதகத்தை விட்டால் அடுத்தபடியாகப் போலீஸ் தாளை ஜாதகமாக ஆக்கிக்கொள்ளக் கூடியவர்கள். முதல் தகவல் அறிக்கை என்பது ஒருவர் சொன்ன புகார். குற்றப்பத்திரிகை என்பது போலீசாரின் கட்சி. தீர்ப்பு ஒன்றுதான் இருதரப்பையும் கேட்டபின் எழுதப்படுவது. அந்தத் தீர்ப்பும் அப்பீலில் மாறலாம். இவற்றின் வித்தியாசம் தெரியாதவன் கையில் பதிவு கிடைப்பது குரங்கின் கையில் கிடைத்த பூமாலைதான். வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த அக்கிரமம் 2022 டிசம்பரில் வெளிவந்தது. ஈராண்டு கழித்து, 2025 ஜனவரியில், அந்த மக்களைச் சேர்ந்த மூவர் பேரிலேயே குற்றப்பத்திரிகை வைத்தார்கள். வைத்தவுடனே தீர்ப்பு வந்துவிட்டதுபோல் பேசினவர்கள் எத்தனை பேர்! போலீசாரின் கட்சியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது பகுத்தறிவாகுமா என்று கேட்கின்றோம்.

இதைவிடப் பெரிய கொடுமை, பிறப்பையே குற்றப்பதிவாக ஆக்குவது. கையிலுள்ள ரேகையைப் பார்த்து விதியைச் சொல்லுகிறவனைப் புரட்டன் என்கின்றோம். வெள்ளைக்கார சர்க்கார் செய்தது என்ன? குற்றப்பரம்பரைச் சட்டம் என்று 1871 இல் ஒன்றைப் போட்டு, 1911 இல் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்து, இன்ன ஜாதியில் பிறந்தவனெல்லாம் குற்றவாளி என்று எழுதிக் கைரேகை வாங்கிற்று. மக்கள் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பேர் வைத்தார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன் என்ற மனுவின் புத்திக்கும், பிறப்பினால் ஒருவன் திருடன் என்ற துரையின் புத்திக்கும் என்ன வித்தியாசம்? சட்டம் 1952 இல் நாடு முழுவதும் ஒழிந்தது. புத்தி ஒழிந்ததா? சிறைப் பதிவேட்டிலே ஜாதிக் கலம் இருக்கக்கூடாது என்று 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உத்திரவிடவேண்டியிருந்ததென்றால், அதுவரையில் அந்தக் கலம் இருந்துகொண்டேதான் இருந்தது என்பது விளங்கவில்லையா? அதே ஆண்டு மே மாதம், போலீசார் வைத்துக்கொள்ளும் சரித்திரத் தாள் அவர்களின் உள் உபயோகத்துக்கே உரியது, ஊரார் பார்வைக்கு அல்லவென்றும், சமூகத்தில் தாழ்த்தப்பட்டவர்களை முன்விரோத எண்ணத்தோடு அதில் ஏற்றக்கூடாதென்றும் அதே கோர்ட்டு சொல்லிற்று. இதை நாம் மனமார வரவேற்கின்றோம். கோர்ட்டின் தீர்ப்பு ஊருக்குச் சொந்தம். ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் சந்தேகம் ஊருக்குச் சொந்தமல்ல.

இன்னொரு விஷயம். பேரைக் கொடுத்துத் தேடினால் ஒரே பேரில் பலபேர் வருகின்றார்கள். ஜாதிப் பட்டம் இருந்தால் இந்தக் குழப்பம் இராதே என்று சில மேதாவிகள் சொல்லுகின்றார்கள். 1929 இல் செங்கற்பட்டு மகாநாட்டில் பட்டத்தைத் தூக்கி எறியத் தீர்மானித்தவர்கள் தெரியாமல் எறியவில்லை. நமது மாவட்டத்தில் கருப்பையாக்கள் ஆயிரம் பேர் என்றால், ஜாதிப் பட்டத்தை ஒட்டினாலும் அதில் இருநூறு பேர் ஒரே பட்டத்துக்காரராகத்தானே இருப்பார்கள்? தகப்பன் பேர், ஊர், வயது, வழக்கு எண் ஆகிய நான்கையும் ஒத்துப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். ஒத்துப் பாராமல் பேரை மட்டும் பார்த்து ஒருவனுக்கு வேலையும் வீடும் பெண்ணும் மறுப்பது, யாரோ செய்த குற்றத்துக்கு யாரையோ தண்டிப்பதாகும். உண்மையான குழப்பம் வேறிடத்தில் இருக்கின்றது. அந்தக் கருப்பையாவை இங்கிலீஷ் எழுத்தில் ஒரு குமாஸ்தா ஒருவிதமாகவும் இன்னொரு குமாஸ்தா இன்னொருவிதமாகவும் எழுதிவைத்திருக்கின்றார். தமிழன் பேரைத் தமிழில் எழுதித் தேட முடியவில்லை என்றால் பதிவு யாருக்காக இருக்கின்றது?

கடைசியாக, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களைப் பற்றி. வேட்பாளர் தம் பேரிலுள்ள வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியே தீரவேண்டும் என்று 2002 இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, அது இன்று தேர்தல் கமிஷனின் இணையதளத்தில் எவரும் பார்க்கக் கிடைக்கின்றது. 2024 இல் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 543 பேரில் 251 பேர் தங்கள் பேரில் கிரிமினல் வழக்கு உண்டென்று தாங்களே எழுதிக்கொடுத்தவர்கள் என்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தார் கணக்கெடுத்திருக்கின்றார்கள். மறியல் செய்ததற்கான வழக்கும் இருக்கும். பெண்ணைக் கெடுத்ததற்கான வழக்கும் இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியது ஓட்டர்களின் வேலை. ஓட்டுச்சாவடிக்குப் போகுமுன் ராகுகாலம் பார்க்கிறவர் அந்தத் தாளையும் ஒருமுறை பார்த்தால் என்ன?

ஆகவே நாம் சொல்லுவதெல்லாம் இவ்வளவுதான். மாவட்டக் கோர்ட்டுப் பதிவு முழுவதும் தமிழில், தமிழ் எழுத்தில் தேடும்படியாக இருக்கவேண்டும். ஜாதி என்ற சொல் எந்தப் பதிவிலும் குற்றவாளியின் அடையாளமாக இருக்கக்கூடாது. விடுதலையானவர் பேரில் வழக்கு மட்டும் தெரிந்து, விடுதலை தெரியாமல் இருக்கக்கூடாது. இவற்றை சர்க்கார் செய்யவேண்டும். மக்கள் செய்யவேண்டியது, ஜோசியனுக்குக் கொடுக்கும் தட்சிணையை மிச்சம் பிடித்து, எழுதியிருப்பதைத் தாங்களே வாசிக்கப் பழகுவதாகும். வாசித்தபின், எழுதியவன் யார், எதை வைத்து எழுதினான் என்றும் கேட்கப் பழகவேண்டும். அதற்குத்தான் பகுத்தறிவு என்று பேர்.