குரலுக்கும் ஓர் ஏடு வேண்டும்

கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். ஏட்டில் ஏறாமல் செவிவழியாகவே வளர்ந்த செல்வம் தமிழில் ஏராளம். தாலாட்டு, ஒப்பாரி, நலுங்குப் பாட்டு, கூத்துப் பாட்டு, முனாஜாத்து என அதன் வகைகள் பல. இவை பாடுவோரின் தொண்டையில் வாழ்கின்றன. அவர் மறையும்போது உடன் மறைகின்றன. இம்மறைவைத் தடுக்கும் கருவி இன்று ஒரு புத்தக அளவிலான பெட்டியாக வந்துள்ளது. அதனை நம் இல்லங்களிலும் தமிழ்த்துறைகளிலும் அமைத்துக்கொள்ளல் வேண்டும் என்பதே நம் கருத்து.

உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842ஆம் ஆண்டு அச்சேறியது. 1887ஆம் ஆண்டு உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அச்சு வந்தமையால் பாடல்கள் பிழைத்தன. ஆனால், சீறாவின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களை ஊர்தோறும் எந்த இராகத்தில் பாடினர், எங்கே நிறுத்தினர், எங்கே குரல் தழுதழுத்தனர் என்பவற்றை அச்சு காப்பாற்றவில்லை. எழுத்து சொல்லைக் காக்கும். ஓசையைக் காக்க ஒலிப்பதிவே வேண்டும்.

நாம் செய்த பிழையொன்றை இங்கே ஒப்புக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒரு மூதாட்டியாரின் தாலாட்டைக் கைபேசியில் பதிவு செய்தோம். பாய்மேல் கைபேசியை வைத்தோம். தலைக்குமேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டபோது, இரண்டு கண்ணிகள் விசிறியின் இரைச்சலில் கரைந்து போயிருந்தன. நல்ல கருவியுடன் நாலு மாதம் கழித்துச் சென்றோம். அவர் மறைந்துவிட்டிருந்தார். பழைய பதிவைக் கேட்ட அவர்தம் பேத்தி, "இங்கே நன்னிமா என்ன சொல்றாங்க?" என்று வினவினார். விடை சொல்ல அவ்வீட்டில் ஒருவரும் இல்லை.

அக்கருவிதான் என்ன? ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பர். ஒலி இடைமுகப் பெட்டி என நாம் சொல்லலாம். ஒலிவாங்கியில் எழும் மின்னலைகள் மிக நுண்ணியவை. அவற்றைப் பெருக்கி, நொடிக்கு 48,000 முறை அளந்து, எண்களாக்கி, யுஎஸ்பி கம்பி வழியே கணினிக்கு அனுப்புவதே இப்பெட்டியின் பணி. கண்டென்சர் வகை ஒலிவாங்கியாயின் பெட்டியிலுள்ள 48 வோல்ட் விசையை இட வேண்டும். பாடுவோர் உச்சக் குரலில் பாடும்போதும் அளவுமானி சிவப்பைத் தொடாதவாறு பெருக்கத்தைத் திருகி வைத்தல் வேண்டும். சிவப்பைத் தொட்ட குரல் சிதையும், பின்னர்ச் சீராகாது. பதிவு செய்ய ஆடாசிட்டி என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. 24 பிட் அளவில், ஒற்றைத் தடத்தில், ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 520 மெகாபைட் இடம் கொள்ளும். சுருக்காத 'வேவ்' கோப்பாகவே அதனை வைத்து, இரண்டு இடங்களில் படியெடுத்துக் காத்தல் நலம்.

கருவியினும் முதன்மையானது அறை. விழுப்புரம் இரயில் சந்திப்பு. திண்டிவனமோ சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். இரண்டிடத்தும் ஊதலோசைக்குக் குறைவில்லை. தெருவை ஒட்டாத உள்ளறையைத் தேர்ந்து, கதவடைத்து, விசிறியை நிறுத்தி, வெறுஞ்சுவரில் சமுக்காளமோ மெத்தையோ தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். பழைய வீடுகளில் மின்னிணைப்பின் நிலத்தொடர்பு சரியாயில்லையெனில் பதிவில் ஓர் உறுமல் கேட்கும். மின்பணியாளரைக் கொண்டு முதலில் அதனைச் சரிசெய்தல் வேண்டும்.

"இதற்கெல்லாம் சென்னைக்குச் செல்ல வேண்டாவா?" எனச் சிலர் கேட்கக்கூடும். ஏ.ஆர்.ரஹ்மான் 1989ஆம் ஆண்டு கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தின் பின்புறத்தில்தான் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992ஆம் ஆண்டு வெளிவந்த ரோஜாவின் இசை அங்கே உருவானது. நம் தேவை அத்துணைப் பெரிதன்று. மேலும், நம் பாட்டிமாருள் பலர் எந்தக் கூடத்துக்கும் சென்று பாடமாட்டார். தம் வீட்டில், தம் பிள்ளைகளிடையேதான் பாடுவர். ஆதலின் கருவிதான் அவரிடம் செல்ல வேண்டும். கணினியின் முன் அமர வேண்டியவள் அவர்தம் பேத்தியே. நம் மாணவியர் இப்பணிக்கு மிகப் பொருத்தமானவர்.

"வீட்டுக் குரலை வெளியிடுதல் முறையோ?" என்று பெரியோர் தயங்குவதும் நியாயமே. பதிதல் வேறு, பரப்புதல் வேறு. பாடியவரின் இசைவின்றி ஒரு பதிவும் வெளியேறலாகாது. குடும்பத்திற்குள் மட்டும் இருக்கட்டும் என்று அவர் சொன்னால் அவ்வாறே இருத்தல் வேண்டும். பாடியவர் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார் என்னும் செய்திகளைக் குறித்து, ஒரு படியை அவர் கையிலேயே தருதல் நம் கடமை.

தமிழ்த்துறையில் ஒரு சிறு அறை, ஒரு கணினி, ஒரு பெட்டி, ஓர் ஒலிவாங்கி ஆகியவை போதும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முதியவரின் குரலையேனும் கொண்டுவரட்டும். செல்வர்கள் கருவிக்கு உதவட்டும். ஆசிரியர்கள் முறையைக் கற்பிக்கட்டும். இன்னொரு வீட்டில் இன்னொரு பேத்தி, "நன்னிமா என்ன சொல்றாங்க?" என்று கேட்டுத் திகைக்கும் நிலை இனியும் வரலாகாது.