பாம்புக்குக் கம்பளி போதாது

பாம்பு என்ற வார்த்தையைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! குளிர்காலத்தில் குழந்தைகளின் சருமம் வறண்டு போகாமல் காப்பது பற்றிப் போன முறை எழுதியிருந்தேன் அல்லவா? அதில் போகிற போக்கில், 'எங்கள் வீட்டுப் பாம்புக்கும் இதே தொல்லைதான்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழந்தையை விட்டு விட்டுப் பாம்பைப் பிடித்துக் கொண்டு விட்டன. "இங்கிலாந்துக்குப் போய்ப் பாம்பா வளர்க்கிறீர்கள்? அந்தக் குளிரில் அது எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இங்கே நாய், பூனை மாதிரிப் பாம்பையும் கடையில் வாங்கி வளர்க்கிறார்கள். விஷப் பாம்பு என்றால்தான் 1976-ம் வருஷத்துச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி அதன் பூர்வீகம். விஷம் கிடையாது. செம்மஞ்சள் உடம்பில் சிவப்புத் திட்டுகள். என் மகன் 'பவளம்' என்று பெயர் வைத்திருக்கிறான். (நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வைத்துக் கொள்வது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைப் படித்து விட்டு வீட்டுப் பிள்ளைகள் யாரும் தோட்டத்தில் தேடக் கிளம்ப வேண்டாம்!)

நாங்கள் இருப்பது வடகிழக்கு இங்கிலாந்தில், நியூகாசிலுக்கு வடக்கே ஒரு கிராமம். ஜனவரியில் ராத்திரி ஹீட்டரை நிறுத்தினால் விடிவதற்குள் அறை 14, 15 டிகிரிக்கு இறங்கி விடும். பாம்பு வந்த புதிதில், ஒரு பழைய கம்பளியைப் போர்த்தி விட்டால் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் குழந்தைக்குக் கம்பளி போர்த்துகிறோம். கம்பளியா சூடு தருகிறது? சூடு குழந்தையின் உடம்பிலிருந்து வருகிறது. அது வெளியே போகாமல் கம்பளி பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பாம்பின் உடம்பு நம்மைப் போலச் சூட்டை உண்டாக்கிக் கொள்வதில்லை. சுற்றிலும் என்ன உஷ்ணமோ அதுதான் அதற்கும். சில்லென்ற பாம்பைக் கம்பளியில் சுற்றினால் சில்லென்ற பாம்பாகவேதான் இருக்கும். முதலில் சூடு எங்கிருந்தாவது வர வேண்டும். கம்பளியெல்லாம் அப்புறம்.

அந்தச் சூடு வெறும் சுகத்துக்காக இல்லை. அதன் ஜீரணமே அதில்தான் நடக்கிறது. எலியை முழுசாக விழுங்கி விட்டு உடம்பு குளிர்ந்து போனால் உள்ளே இருப்பது ஜீரணமாகாமல் கெட்டுப் போகும், கக்கி விடும். நாள் கணக்காகக் குளிரில் கிடந்தால் நெஞ்சில் சளி பிடிக்கும். வாயைத் திறந்து வைத்து மூச்சு விடுவது, கீச்சென்று சத்தம், வாயோரத்தில் நுரை என்று எது தென்பட்டாலும் கைவைத்தியம் பார்க்கக் கூடாது. பாம்பு, ஆமை பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியரிடம் போக வேண்டியதுதான்.

எங்களுடையது கண்ணாடிப் பெட்டி. அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஹீட் மேட் என்கிற மெல்லிய மின்சார விரிப்பு. அந்தப் பக்கம் 29-லிருந்து 31 டிகிரி, எதிர்ப்பக்கம் 24-லிருந்து 26. பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருக்கக் கூடாது. வெயிலும் நிழலும் போல இரண்டும் இருந்தால் வேண்டியதைத் தானே தேடிப் போய்க் கொள்ளும். ஒளிந்து கொள்ள ஒரு சின்ன மறைவிடம் இரண்டு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால், பயந்த சுபாவம் பாருங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை என்று அந்த மறைவிலேயே சுருண்டு கிடக்கும்.

பல வீடுகளில் கோட்டை விடுகிற இடம் தெர்மாஸ்டாட். அது இல்லாமல் விரிப்பை நேரே பிளக்கில் சொருகினால் சூடு ஏறிக் கொண்டே போகும். அடியிலிருந்து வருகிற சூட்டில் தன் தோல் வெந்து போவது தெரியாமல் பாம்பு அங்கேயே படுத்துக் கிடக்கும் என்பது நமக்கு நம்ப முடியாத சங்கதி. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. வயிற்றுச் செதில்கள் கருகி, ஆறுவதற்குப் பல மாசம் பிடித்தது. 'சூட்டுக் கல்' என்று கடையில் ஒன்று விற்கிறார்கள். வாங்கவே வேண்டாம். கல்லின் ஓரிடம் தணிந்தும் ஓரிடம் கொதித்தும் கிடக்கும்.

இன்னொன்று, கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டைத் தீர்மானிக்கக் கூடாது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்த்தே சூடு சொல்கிறவர்கள்தான் நாம், இருந்தாலும் இதில் அந்தத் திறமை செல்லாது. நம் உள்ளங்கையே ஏறக்குறைய 32, 33 டிகிரியில் இருக்கிறது. பாம்புக்குச் சரியான 30 டிகிரி நமக்குச் 'சில்'லென்றுதான் படும். 'ஐயோ பாவம்' என்று திருகி ஏற்றி விடுவோம்! பெட்டியின் இரு கோடியிலும் ஒவ்வொரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். தெர்மாஸ்டாட் பழுதானால்கூட அவை காட்டிக் கொடுத்து விடும்.

விரிப்பு தரையைச் சுட வைக்குமே தவிர, பெட்டிக்குள் இருக்கிற காற்றை அவ்வளவாகச் சுட வைக்காது. அறை 15 டிகிரிக்குப் போகிற மாசங்களில் அது மட்டும் போதவில்லை. அதனால் மேலே வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் பல்பு ஒன்று. பாம்பு அதைச் சுற்றிக் கொள்ளாதபடி கம்பிக் கூண்டு, அதற்குத் தனி தெர்மாஸ்டாட். பெட்டியை ஜன்னலோரத்திலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் நகர்த்தி உள்சுவர்ப் பக்கம் வைத்தோம். பின்னாலும் பக்கவாட்டிலும் தெர்மோகோல் அட்டை. காற்றுத் துவாரங்களை மட்டும் மூடவில்லை. இவ்வளவு செய்த பிறகு பல்பு எரிகிற நேரமே குறைந்து விட்டது.

கரண்ட் பில் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இல்லத்தரசி புத்தி, நானும் கணக்குப் போட்டுத்தானே பார்த்தேன்! விரிப்பு 16 வாட், பல்பு 60 வாட். இரண்டும் இருபத்து நாலு மணி நேரமும் ஓயாமல் எரிந்தாலும் ஒரு நாளைக்கு 2 யூனிட் வராது. 2022-ல் இங்கே மின்சார விலை எகிறியபோது அதுவும் உறுத்தத்தான் செய்தது.

கரண்டே இல்லாமல் போனால்? 2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை, ஆர்வென் என்ற புயல் எங்கள் பக்கம் அடித்தது. சுமார் 10 லட்சம் வீடுகள் இருட்டில். சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் கரண்ட் வரவில்லை. எங்களுக்கு இரண்டு ராத்திரி. முந்தின நாள் சாயங்காலம்தான் பவளம் எலி சாப்பிட்டிருந்தது. வயிறு புடைத்துக் கொண்டு கிடந்தது. என் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. "சட்டைக்குள்ள வெச்சுக்கறேம்மா, என் சூடு போதும்" என்று அழுகிறான். சாப்பிட்டு இரண்டு நாளைக்குப் பாம்பைக் கையாளவே கூடாது. கையில் எடுத்து அலைக்கழித்தாலே கக்கி விடும். "அதெல்லாம் வேண்டாண்டா, அப்பாவை வெந்நீர் வைக்கச் சொல்லு" என்றேன்.

காஸ் அடுப்பு இருந்தது புண்ணியம். பவளத்தை மெதுவாக ஒரு பருத்தித் தலையணை உறைக்குள் விட்டு, வாயைக் கட்டி, மீன் வருகிற தெர்மோகோல் பெட்டி ஒன்றில் ஒரு பக்கமாக வைத்தோம். மூடியில் நாலு துவாரம். இன்னொரு பக்கம், ஒத்தடம் கொடுப்போமே அந்த ரப்பர் வெந்நீர்ப் பை, தடித்த துவாலையில் சுற்றி. நடுவில் தெர்மாமீட்டர். அதற்கப்புறம்தான் பெட்டிக்கு மேல் கம்பளி! பேட்டரியில் ஓடுகிற தெர்மாமீட்டர் அன்றைக்குத் தெய்வம் மாதிரி. 24-க்குக் கீழே இறங்கினால் தண்ணீரை மாற்று, 28-ஐத் தாண்டினால் மூடியைக் கொஞ்சம் திற. மூன்று மணிக்கொரு தரம் அலாரம். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்த காலம் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வந்தது. வயிறு வற்றியிருந்தது, கக்கவில்லை. வழக்கமான சூட்டில் சில நாள் விட்டு விட்டுத்தான் அடுத்த எலி கொடுத்தோம்.

இந்த மாதிரி சமயத்தில் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள். பாம்புக்காகவும் வேண்டாம், பிள்ளைகளுக்காகவும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

சருமம் பற்றி ஆரம்பித்தேனே, அதைச் சொல்லி விடுகிறேன். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று வறண்டிருக்கும். சட்டை உரிக்கிறபோது தோல் முழுசாக வராமல் துண்டு துண்டாக ஒட்டிக் கொள்ளும், முக்கியமாகக் கண்ணின் மேல். அதைப் பிய்த்து எடுக்காதீர்கள். மூடியுள்ள ஒரு டப்பாவில் வாசல் போல ஓட்டை போட்டு, ஈரப்பாசி நிரப்பி உள்ளே வைத்தால் தானே போய் உரசிக் கொள்ளும்.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு கண்டிப்பான வார்த்தை. பாம்பு, பல்லி, ஆமை எதுவானாலும் சால்மோனெல்லா என்ற கிருமியை, தனக்கு ஒன்றும் ஆகாமலே, சுமந்திருக்கலாம். ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தை இருக்கிற வீட்டில் இவற்றை வளர்க்கவே வேண்டாம் என்றுதான் வைத்தியர்கள் சொல்கிறார்கள். எங்கள் சின்னவளுக்கு ஆறு வயசு முடிந்த பிறகுதான் நான் சம்மதித்தேன். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவது கிடையாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும். உறைய வைத்த எலியைத் துருவிய தேங்காயோடு வைக்க மாட்டேன் என்று அடம் பிடித்துத் தனியாக ஒரு குட்டி ஃப்ரீஸர் வாங்க வைத்தேன். ஷெட்டில் இருக்கிறது.

நல்ல பராமரிப்பில் கார்ன் ஸ்நேக் 15, 20 வருஷம் உயிரோடு இருக்கும். வாங்குகிறபோது இதை யாரும் யோசிப்பதில்லை. மகன் இப்போது காலேஜ் விண்ணப்பம் பற்றிப் பேசுகிறான். அங்கே விடுதியில் பாம்புக்கு இடம் கிடையாது. எந்தப் பக்கம் எத்தனை டிகிரி என்று தாளில் எழுதிப் பெட்டியின் மேல் இப்போதே ஒட்டி விட்டான். எலியை உருக வைக்கிற வேலையை அவன் அப்பா எடுத்துக் கொண்டால், மற்றதை நான் பார்த்துக் கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.