ஈம் கிராமத்து எல்லைக் கல்

நம்மை ஆண்டவர்களின் சரித்திரம் என்று பள்ளியில் நாம் நெட்டுருப் போட்டதெல்லாம் அரசர்களையும் தளபதிகளையும் பற்றியதே. டார்பிஷயர் மலைப்பிரதேசத்து ஏழைகள் சிலரின் கதையை யாரும் நமக்குச் சொன்னதில்லை. அவர்கள் ஊரின் பெயர் ஈம். தமிழ்ச் செவிக்கு ஈமச் சடங்கின் ஞாபகம் வருகிறதல்லவா? பொருத்தமான பெயர்தான்.

1665-ஆம் ஆண்டு லண்டனில் பிளேக் நோய் ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. அங்கிருந்து ஈம் கிராமத்துத் தையற்காரர் ஒருவர் வீட்டுக்குத் துணி மூட்டை ஒன்று வந்தது. ஈரத் துணியைத் தீயருகே விரித்துக் காயவைத்தார் ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற தொழிலாளி. துணியோடு தெள்ளுப்பூச்சியும் வந்தது என்பர். செப்டம்பர் முதல் வாரத்திலேயே விக்கர்ஸ் மாண்டார்.

மறு வருஷம் ஜூன் மாதம் நோய் உக்கிரமடைந்தது. வில்லியம் மாம்பெஸன் என்ற இளம் பாதிரியாரும், சமயக் கொள்கை காரணமாகப் பதவியிழந்திருந்த பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியும் பகை மறந்து ஒன்றுகூடினர். எவரும் ஊரெல்லையைத் தாண்டுவதில்லை என்று ஜனங்களிடம் வாக்குறுதி பெற்றனர். எல்லையில் குழிகள் குடைந்த கல் ஒன்று உண்டு. குழியில் காடியை ஊற்றி, அதில் காசை இட்டுச் செல்வார்கள். அயலூரார் காசை எடுத்துக்கொண்டு உணவை வைத்துப் போவார்கள். கோயிலை மூடிவிட்டுத் திறந்த பள்ளத்தாக்கில் தொழுதார்கள். சுமார் 260 பேர் மாண்டனர்.

எம்மட் ஸிடால் என்ற பெண்ணையும், அயலூர்க் காதலன் ரோலண்டையும் பற்றிய கர்ணபரம்பரைக் கதை ஒன்று உண்டு. இருவரும் நாள்தோறும் தூரத்தில் நின்றே பார்த்துக்கொள்வார்களாம். ஒரு நாள் அவள் வரவில்லை. அவனோ பல நாள் வந்து காத்திருந்தான். எம்மட் இறந்தது ஏப்ரலில். ஊர்க்கட்டுப்பாடு ஏற்பட்டது ஜூனில். ஆகவே கதை மெய்யானால், ஒருவர் ஆணையுமின்றித் தாமாகவே அவர்கள் விலகி நின்றிருக்கிறார்கள்!

பிற்காலத்தார் புகழையெல்லாம் மாம்பெஸனுக்கே சூட்டினர். அவர் தம் குழந்தைகளை முன்கூட்டியே வெளியூருக்கு அனுப்பிவிட்டார்; வசதி படைத்த சிலரும் வெளியேறினர். இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் மனைவி காதரீன் ஊரிலேயே தங்கி, ஆகஸ்டில் உயிர் நீத்தாள். ஆயினும் போக்கிடமற்றவர்களின் உறுதியே நம் நெஞ்சை உருக்குகிறது.

அதே ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற குடியானவப் பெண் எட்டே நாட்களில் கணவனையும் ஆறு குழந்தைகளையும் இழந்தாள். உதவிக்கு வர அஞ்சிய அயலூரார் குன்றின்மேல் நின்று பார்த்திருந்தனராம். ஒவ்வோர் உடலையும் அவளே இழுத்துச் சென்று, அவளே குழி தோண்டிப் புதைத்தாள். வீட்டை அடுத்த அந்த மேட்டில் இன்றும் ஏழு சமாதிக் கற்கள் உள்ளன. எலிசபெத்தின் சமாதி அங்கே இல்லை. நோய் அவளைத் தீண்டவில்லை.