தாய் மடல்: பலாலி வழியாக வருகிறேன்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு மாரி தொடங்கிவிட்டது. கிணறு நிறைந்து வருகின்றது. தம்பியின் மூத்தவள் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டாள். சின்னம்மா முழங்கால் நோவினால் கோயிலுக்கும் செல்வதில்லை.

குரோய்டன் லூனார் ஹவுசில் விண்ணப்பம் கொடுத்த நாளில் நீ எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டியில் உள்ளது. அகதிப் பயணப்பத்திரத்துடன் பல நாடுகளுக்குச் செல்லலாம். பிறந்த மண்ணுக்கு மட்டும் வர இயலாது. ஐயாவின் இறுதிக் கிரியைக்கு நீ வராததன் காரணம் அதுவே என்பதை நான் அறிவேன். ஊரார் சொல்வதைக் கேட்டு மனம் நோகாதே.

ஆகவே, நானே புறப்படுகிறேன். 1990இல் யாழ்தேவி நின்றபின், கொழும்பு செல்வதற்காகக் கிளாலிக் கடலை இரவில் படகிலே கடந்தவள் நான். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னை செல்வது எனக்குப் பெரிய பயணமன்று.

பயணப்பத்திரம் வைத்திருப்போருக்கு இந்தியாவின் இணைய விசா கிடையாது. ஆதலால் இப்போதே முறைப்படி விண்ணப்பித்துவிடு. பத்திரம் முடிவுறும் திகதியையும் பார்த்துக்கொள்.

தையில் வரும் ஐயாவின் திவசத்தைச் சென்னையில் சேர்ந்து செய்வோம். பினாட்டும் மிளகாய்த்தூளும் கொண்டு வருவேன். பேரன் என்னைப் படத்தில் மட்டுமே கண்டவன். அவனைக் கட்டாயம் அழைத்து வா. அவனுடைய தமிழ் எப்படியிருந்தாலும் எனக்கு விளங்கும்.

அன்புடன்,
அம்மா