தேர்வும் தெளிவும்

நுழையும்முன்

பள்ளிப் படிப்பு முடியும் இடத்தில் நுழைவுத்தேர்வு நிற்கிறது. அதற்கு ஆயத்தமாவது மாணவர் ஒருவரின் கவலை மட்டுமன்று. அவர்தம் குடும்பத்தின் கவலையும் ஆகும். மனப்பாடத்தை நம்புவதா, புரிதலை நம்புவதா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

காலம் காத்திருப்பதில்லை

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு 1984ஆம் ஆண்டு அறிமுகமானது. ஊரக மாணவர்களுக்கு அது தடையாகிறது என்னும் கருத்து வலுப்பெற்றதால், 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கியது. அதன்பின் மேல்நிலைப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017 முதல் மருத்துவப் படிப்புக்கான சேர்க்கை நீட் தேர்வின் வழியே நடைபெறுகிறது. இத்தேர்வு வேண்டுமா, வேண்டாவா என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை. விவாதம் முடியட்டும் என்று மாணவரின் வயது காத்திருப்பதில்லை. ஆதலால், இருக்கின்ற தேர்வை எதிர்கொள்ளும் முறையும் சிந்திக்கத்தக்கதே.

எண்கள் உணர்த்தும் உண்மை

இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 என மொத்தம் 180 வினாக்கள். அவற்றுக்கு உரிய நேரம் 180 நிமிடங்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண்கள் கிடைக்கும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும்.

ஒன்றும் அறியாத நான்கு வினாக்களுக்கு ஒருவர் ஊகித்து விடையளிப்பதாகக் கொள்வோம். சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். நான்கில் மூன்று போக, எஞ்சுவது ஒரு மதிப்பெண். அவ்வாறாயின், பதினாறு வினாக்களை ஊகித்துப் பெறும் பயனை, ஒரே வினாவை அறிந்து எழுதுபவர் பெற்றுவிடுகிறார். ஒரு நிமிடத்தில் ஒரு வினா என்னும் விரைவும் இதனையே வலியுறுத்துகிறது. வாய்பாட்டை மட்டும் மனனம் செய்தவர் வினா சற்றே மாறினும் தடுமாறுவார். அவ்வாய்பாடு பிறந்த காரணத்தை அறிந்தவர் தடுமாறுவதில்லை.

பயிற்சியும் படிப்பும்

பயிற்சி மையத்திற்குச் சென்றால் மட்டுமே வெற்றி கிட்டும் என்பர் சிலர். நேரம் வைத்து மாதிரித் தேர்வுகளை எழுதிப் பழகுவது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும், பயிற்சி என்பது கற்றதைக் கூர்மையாக்கும் சாணைக்கல்லே. கத்தியே இல்லாதவருக்குச் சாணைக்கல்லால் என்ன பயன்? பாடநூலை வரிவரியாகப் படித்து, வகுப்பறையில் ஐயம் தெளிந்த பின்னரே பயிற்சி பயன் தரும்.

பள்ளிப் பாடத்தைக் கைவிட்டு நுழைவுத்தேர்வு ஒன்றையே நாடுவது வேறொரு வகையிலும் பிழையாகும். தமிழ்நாட்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகிய படிப்புகளுக்கு மேல்நிலைப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே வழிவகுக்கிறது. ஒரு கதவைத் திறக்கும் அவசரத்தில் மற்றைக் கதவுகளைத் தாமே அடைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகுமா?

மொழி என்னும் பாலம்

நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆயினும், மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே இறுதியானதாகக் கொள்ளப்படும். 2018ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையுடையன என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண்கள் வழங்க ஆணையிட்டது; உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. பிழையற்ற வினாத்தாளைத் தருவது தேர்வை நடத்துவோரின் கடமை. அக்கடமை நிறைவேறும்வரை, தமிழ்வழி மாணவர் தம்மைக் காத்துக்கொள்ளவும் வேண்டும். உந்தம், சவ்வூடு பரவல் என்று தமிழில் பொருளுணர்ந்து கற்கும்போதே, அவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களையும் குறிப்பேட்டில் அருகருகே எழுதிப் பழகுதல் நன்று. தாய்மொழியில் பெற்ற தெளிவு, பிறமொழிச் சொல்லை எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

சமூகத்தின் பொறுப்பு

மாணவரின் உழைப்பு மட்டுமே போதாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைக்கு வழிகாட்ட வீட்டில் ஒருவரும் இருப்பதில்லை. இதனை உணர்ந்தே, அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு இடங்கள் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டன. கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளும் மருத்துவக் கல்லூரியில் பயில இச்சட்டம் வழிவகுத்தது. வாய்ப்பு வழங்கப்பெறின் திறமை எங்கிருந்தும் வெளிப்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. மதிப்பெண்ணைக் கேட்பதற்குமுன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தல் வேண்டும். மனச்சோர்வு கொண்ட மாணவர் ஆசிரியரிடமோ, 104 என்னும் அரசு உதவி எண்ணிலோ தயக்கமின்றிப் பேசலாம். துயரைச் சொல்வது கோழைத்தனம் அன்று.

மூன்று மணி நேரத் தேர்வு, அந்த மூன்று மணி நேரத்தில் ஒருவர் அளித்த விடைகளை மட்டுமே அளக்கும், அவரை அளக்காது. தேர்வுக்காகக் கற்றவை தேர்வோடு மறந்துபோகலாம். புரிந்து கற்றவையோ, எந்தக் கல்லூரிக்குச் சென்றாலும் உடன்வரும். அத்தெளிவைப் பெறுவதே மெய்யான ஆயத்தம் ஆகும்.