போத்தலுக்குள் எத்தனை கிராம்?

குறிஞ்சிப்பிட்டி, ஆலங்குடா, ஏத்தாளை என்று கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் செய்பவர்களுக்கும், வளவில் நாலு தென்னையும் ஒரு மாவும் தேசியும் வைத்திருப்பவர்களுக்கும் இன்று பசளைக் கடையில் போத்தல்களே முதலில் காட்டப்படுகின்றன. ஹியூமிக் அமிலம், கடற்பாசிச் சாறு, திரவக் கல்சியம், நுண்சத்துக் கலவை, நனோ நைதரசன் எனப் பெயர்கள் பல. தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும், மூட்டை சுமக்க வேண்டாம், மண்ணும் கெடாது என்பதே எல்லாவற்றுக்கும் பொதுவான வாக்குறுதி. இந்தப் போத்தல்கள் அனைத்தும் ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. செடி கிராம் கணக்கில் கேட்பதைப் போத்தலால் கொடுக்க முடியும். கிலோக் கணக்கில் கேட்பதை அதனால் கொடுக்க முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை மறைத்து விற்பதும் மறந்து வாங்குவதும்தான் பிழை. அந்தப் பிழைக்கு மற்ற எந்த மண்ணையும் விட நமது மணல் அதிக விலை கேட்கிறது.

இந்த நாடு அதற்கு ஏற்கெனவே ஒரு முறை விலை கொடுத்திருக்கிறது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. பெரும்போகம் நெருங்கியபோது வயலுக்குப் போட நைதரசன் இல்லை. அந்த ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து விமானத்தில் நனோ நைதரசன் திரவம் வந்து இறங்கியது. இந்திய விவசாயிகள் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ அதே ஆண்டு நனோ யூரியா என்ற பெயரில் அறிமுகப்படுத்திய சரக்கு அது. 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டைக்குச் சமம் என்றார்கள். போத்தலின் மேல் இருந்த எண்ணோ 4 சதவீத நைதரசன். 500 மில்லிலீற்றரில் 4 சதவீதம் என்றால் ஏறக்குறைய 20 கிராம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், ஆகவே 45 கிலோ மூட்டைக்குள் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று அதிகம். மண்ணில் போட்ட யூரியாவில் பெரும்பகுதி காற்றோடும் நீரோடும் போய்விடுகிறது என்பார்கள், அது உண்மைதான். முக்கால்வாசி வீணாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 5 கிலோ பயிருக்குக் கிடைக்கிறது. போத்தலில் உள்ளது ஒரு துளி வீணாகாமல் உள்ளே போனாலும் 20 கிராமைத் தாண்டாது. துகள் எவ்வளவு சிறிதானாலும் இல்லாத நைதரசனை அது உண்டாக்காது. பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் வயலில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, யூரியாவைக் குறைத்து நனோ யூரியா தெளித்த இடத்தில் கோதுமை 21.6 சதவீதமும் நெல் 13 சதவீதமும் குறைவாக விளைந்தன. தானியத்திலிருந்த புரதமும் குறைந்தது. இங்கே தடை அந்த நவம்பரிலேயே விலக்கப்பட்டது. ஆனால் அதற்குள் போகம் தொடங்கிவிட்டது, இழப்பை வயலில் நின்றவர்கள்தான் சுமந்தார்கள்.

திரவப் பசளைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் மிகக் கனமான நியாயம் நமது கிணறுகளில் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவே உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம். குடாநாடு குடிப்பதும் பாய்ச்சுவதும் அந்தப் படலத்திலிருந்துதான். மணலில் களி இல்லை, மக்கும் இல்லை, சத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. போட்ட நைதரசன் அடுத்த நீர்ப்பாய்ச்சலோடு கீழே இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் போய்ச் சேர்கிறது. 1980களிலேயே பிரித்தானிய நிலவியல் ஆய்வாளர்களும் இலங்கை விவசாய ஆய்வாளர்களும் கற்பிட்டியில் இதை அளந்து எழுதினார்கள். தீவிரமாகப் பயிர் செய்யப்படும் நிலங்களின் கீழே இருந்த நீரில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைக் கடந்திருந்தது. ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது அந்த எல்லை. தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கும் குழந்தைக்கு அதற்கு மேல் நைத்திரேற்று உள்ள நீர் ஆபத்து. ஆகவே மூட்டையைக் குறைக்க வேண்டும் என்பவர்களின் கவலையே என் கவலையும். ஆனால் குறைப்பதற்கு வழி வேறு. ஒரே தடவையில் கொட்டாமல் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுப்பது, பசளையைப் பாசன நீரில் கரைத்து வேரடியில் சொட்டவிடுவது, நீரை மட்டாகப் பாய்ச்சுவது, இவை கிணற்றைக் காக்கும். சொட்டுநீரில் கரைத்துக் கொடுக்கும் சாதாரணப் பசளையும் திரவப் பசளைதான். மணலுக்கு அதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியேன். அதற்கு அழகான போத்தல் தேவைப்படுவதில்லை என்பதால் அதைப் பற்றி விளம்பரம் வருவதுமில்லை.

போத்தல் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் இடமும் உண்டு. சிப்பித்தூளும் சுண்ணாம்பும் கலந்த கடலோர மணலில் காரத்தன்மை அதிகம். அங்கே இரும்பு, நாகம், மங்கனீசு மண்ணில் இருந்தாலும் வேருக்கு எட்டாமல் இறுகிவிடுகின்றன. தேசியின் இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடமெல்லாம் வெளுத்தால் பெரும்பாலும் காரணம் அதுவே. இந்தச் சத்துகள் மரத்துக்கு மிகச் சிறிதளவே தேவை. இலையும் அந்தச் சிறிதளவை உறிஞ்ச வல்லது. அத்தகைய நேரத்தில் மண்ணில் கொட்டுவதை விட இலையில் தெளிப்பதே அறிவான வேலை. தென்னையின் கதை வேறு. காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கிலோ கலவைப் பசளையும், அதோடு 1 கிலோ டொலமைற்றும் போடச் சொல்கிறது லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிறுவனம். கலவையில் பாதிக்கு மேல் பொட்டாஷ். இறக்கும் ஒவ்வொரு தேங்காயோடும் மட்டையோடும் மண்ணை விட்டு வெளியேறும் பொற்றாசியத்துக்கான ஈடு அது. தூரில் ஊற்றும் நூறு மில்லிலீற்றர் திரவத்தால் அந்தக் கடனை எப்படி அடைப்பது? ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது என்பது சரி, அதற்காக ஊறுகாயையே உண்டு வயிறு நிரப்ப முடியுமா?

மண்ணைத் திருத்தும் திரவம் என்று விற்கப்படுபவற்றுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் மேல் ஆறு அங்குல மண்ணின் எடை ஏறத்தாழ 900 தொன். அதில் சேதனப் பொருளை ஒரு சதவீதம் கூட்டவே 9 தொன் வேண்டும். 12 சதவீத ஹியூமிக் அமிலத் திரவம் ஒரு லீற்றரில் இருப்பதோ 120 கிராம். நாற்றின் வேரை அது சற்றுத் தூண்டலாம், மணலை மண்ணாக்காது. மணலை மாற்றுவது மாட்டெரு, ஆட்டெரு, கூட்டெரு, மூடாக்கு, தென்னைக்கிடையில் குழி வெட்டிப் புதைக்கும் பொச்சுமட்டை ஆகியவைதான். அவற்றுக்கு உழைப்பு அதிகம், கூலியும் அதிகம், இன்று எரு கிடைப்பதே கடினம். இந்த எதிர்வாதத்துக்கு என்னிடம் இலகுவான பதில் கிடையாது. ஆயினும் போத்தல்களுக்குப் போகும் பணத்தின் ஒரு பகுதியை எருவுக்குத் திருப்பினால் அடுத்த போகத்திலும் அதன் பலன் மண்ணில் மிஞ்சும். கடல் கனிமம் என்ற பெயரில் செறிந்த கடல்நீரை விற்பதை மட்டும் இங்கே எவரும் வாங்கக் கூடாது. கோடையில் கிணறு உவர்க்கும் ஊரில் மேலும் சோடியத்தைக் காசு கொடுத்து ஊற்றுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

தெளித்து நாலே நாளில் இலை கரும்பச்சையாகிவிட்டது, கண்ணால் கண்டதை எப்படி மறுப்பீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மறுக்க வேண்டியதில்லை. பட்டினி கிடந்த இலைக்குக் கொஞ்சம் நைதரசனோ இரும்போ பட்டால் பச்சை திரும்பத்தான் செய்யும். 10 லீற்றர் நீரில் 100 கிராம் யூரியாவைக் கரைத்துத் தெளித்தாலும் அது நடக்கும். அதில் 46 கிராம் நைதரசன் இருக்கிறது, மேலே சொன்ன நனோ போத்தலில் உள்ளதைப் போல் இரு மடங்குக்கும் மேல். விலை அந்தப் போத்தலின் ஒரு சிறு பங்குதான். இலையின் நிறம் ஒரு வாரத்துக் கதை. வெங்காயத்தின் எடையும் குலையிலுள்ள குரும்பைகளின் எண்ணிக்கையும்தான் கணக்குக்கு வரும். ஒரே நாளில் நட்ட இரண்டு பாத்திகளில் ஒன்றுக்குத் திரவத்தையும் மற்றதுக்கு வெறும் நீரையும் தெளித்து, மற்றப் பசளையெல்லாம் சமமாகக் கொடுத்து, அறுவடையைத் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தவர் சொல்வதை நான் நம்புவேன். கமநல சேவை நிலையங்கள் ஊருக்கு ஒரு தோட்டத்தில் இதைச் செய்து முடிவைச் சுவரில் ஒட்டலாம், பெரிய செலவில்லை.

சட்டத்துக்கும் இங்கே வேலை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கப் பசளை ஒழுங்குபடுத்தல் சட்டம் நம்மிடம் உண்டு, அதற்கென்று தேசிய உரச் செயலகமும் உண்டு. ஒவ்வொரு திரவப் போத்தலிலும் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஒவ்வொன்றும் எத்தனை கிராம், சோடியம் எத்தனை கிராம் என்பதை வாங்குபவர் படிக்கும் மொழியில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வைக்க வேண்டும். அந்த எண்கள் இல்லாத போத்தலைக் குறிஞ்சிப்பிட்டியின் தோட்டக்காரர் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.